காயப் போட்டால் பூக்கும் என்பது எந்தச் செடிக்கு, எந்த நாளில்?

வேளச்சேரி மாடி
மே 9, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் சுமார் 40 தொட்டிகள் இருக்கின்றன. காய்கறி எதுவும் இல்லை, எல்லாமே பூச்செடிகள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததல்லவா, அந்த ஆண்டு என் பழைய தோட்டம் முழுவதும் கருகிப் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்தே மறுபடி தொடங்க மனம் வந்தது. இப்போது ஊருக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கிவிட்டதால், செடிகளுக்கென்று ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது.

இந்த நிலையில், பூச்செடிகளை எட்டுப் பத்து நாள் காயப் போட்டால் நன்றாகப் பூக்கும் என்று பலர் சொல்லக் கேட்டு, தண்ணீரும் மிச்சமாகும் பூவும் கிடைக்கும் என்ற ஆசையில், எல்லாத் தொட்டிகளையும் ஒரே சமயத்தில் எட்டு நாள் காயவிட்டேன். காகிதப்பூ பாதி இலையை உதிர்த்தது. ஆனால் கணுக்களில் இளஞ்சிவப்பாக ஏதோ தலைகாட்டுகிறது. செம்பருத்தி இருந்த மொட்டுகள் அத்தனையையும் கொட்டிவிட்டது. குண்டுமல்லியின் அடி இலைகள் மஞ்சளாகி, மொட்டுகள் ஊசிபோல் நிற்கின்றன. ரோஜா வழக்கத்தில் பாதி அளவில் வெளிறிப் பூத்தது. கனகாம்பரம் துவண்டு கிடக்கிறது. தண்ணீர் விட்டும் எழவில்லை. ஜனவரியில் வாங்கிய இட்லிப்பூச் செடியின் தொட்டி நனைந்துதான் இருக்கிறது, ஆனாலும் இலை காய்ந்துகொண்டே வருகிறது. எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை தவறா, அல்லது நான் செய்த விதம் தவறா?

காகிதப்பூ நேசன்
மே 9, காலை 9.25

அறிவுரை சரியானதுதான். என்னிடம் 12 காகிதப்பூச் செடிகள் உள்ளன. இலை தொங்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டேன். சாகப் போகிறோம் என்ற பயம் வந்தால்தான் செடி வம்சத்தைக் காப்பாற்றப் பூக்கும். மற்றச் செடிகளும் பழகிக்கொள்ளும். நீங்கள் அவசரப்பட்டு நடுவில் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இலைத்துளை
மே 9, மாலை 5.50

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்தப் பயக் கதையை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. நேசன் பொறுத்துக்கொள்ள வேண்டும். செடிக்குப் பயம் இல்லை, கணக்குத்தான் உண்டு.

நீர் குறையும்போது செடியில் முதலில் நிற்பது வளர்ச்சி. ஒரு செல் பெரிதாக வேண்டுமானால் அதற்குள் இருக்கும் நீர் சுவரை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். அந்த விறைப்பு சற்றே குறைந்தாலும், இலை வாடியதாக நம் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே தளிரின் நீட்சி நின்றுவிடுகிறது. அடுத்து, வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. துளை மூடினால் நீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயு உள்ளே வராததால் உணவு தயாரிப்பு குறையும். நீராவி வெளியேறாததால் இலையின் சூடும் ஏறும். கத்திரி வெயிலில் சிமெண்டுத் தரையின் மேல் நிற்கும் செடிக்கு இந்தச் சூடு தாகத்தைவிடப் பெரிய அடியாக விழும். இதற்கு மேலும் நீர் கிடைக்காவிட்டால், செடி தன் பழைய இலைகளிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொண்டு அவற்றை உதிர்க்கும். மல்லியின் அடி இலைகள் மஞ்சளானது அதனால்தான்.

இதில் பூ எங்கே வருகிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பூ உண்டாவதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. கணுவிலோ நுனியிலோ இனி இலை அல்ல, பூ என்று தீர்மானமாவது முதல் கட்டம். அதற்கு நீர் மிகக் கொஞ்சமாகத்தான் செலவாகும். தீர்மானமான மொட்டு பருத்து விரிவது இரண்டாவது கட்டம். இதழ் விரிவதென்பது பெரும்பாலும் அதன் செல்களுக்குள் நீர் புகுந்து அவை உப்புவதுதான். ஆகவே முதல் கட்டத்துக்கு முன் வரும் தாகத்தைச் சில செடிகள் பூப்பதற்கான சைகையாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டத்தில் வரும் தாகம் எந்தச் செடிக்கும் நட்டமே. உங்கள் ரோஜா சிறுத்ததும் மல்லி மொட்டு ஊசியாக நின்றதும் இரண்டாவது கட்டத்தில் பட்ட அடி.

காகிதப்பூவின் கதை தனி. அதன் முள்ளைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இலைக்கக்கத்தில் பிறக்கும் ஒரு சிறு கிளைதான் முள்ளாகவோ பூக்கொத்தாகவோ ஆகிறது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே தொடக்கத்திலிருந்து வருபவை. நீரும் தழைச்சத்தும் தாராளமாக இருந்து கொடி வேகமாக ஓடும்போது அது முள்ளாகிறது. ஓட்டம் தடைப்பட்டு, வெயில் நிறைவாகவும் பகல் குறுகியும் இருக்கும்போது பூக்கொத்தாகிறது. நாம் பூ என்று கொண்டாடும் வண்ணத்தாள்களும் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவில் வெள்ளைக் குழலாக நிற்பது. தாள் போன்ற அந்தச் செதில் எளிதில் வாடாது என்பதால், காகிதப்பூ தாகத்திலும் அழகாக நிற்கிறது. அதை வைத்துச் செம்பருத்திக்குச் சட்டம் எழுதக் கூடாது.

உசிலம்பட்டிக் காடு
மே 10, காலை 5.30

அம்மா சொன்னதற்கு எங்கள் மல்லிகைக் கொல்லையே சாட்சி. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தை ஒட்டி, கவாத்து வெட்டுவோம். அதற்கு முன் பாசனத்தை நிறுத்திச் செடியை ஆறப்போடுவது வழக்கம். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, செடிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் வைத்து, அடியில் மண் அணைத்துத் தண்ணீர் கட்டுவோம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, காயப் போட்டதால் பூத்தது என்று சொல்கிறார்கள். உண்மையில் மல்லி புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும். புதுத்தளிர் வருவது தண்ணீர் கட்டிய பிறகு. காயப் போடுவது பழைய வளர்ச்சியை நிறுத்தி, எல்லாக் கிளைகளையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு. பூக்கவைப்பது அதற்குப் பின் கொடுக்கும் நீரும் உரமும். இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் சொல்லிப் பரப்பியவர்களால்தான் இவ்வளவு குழப்பம்.

பங்குனி தொடங்கிப் பூ வரத்து ஏறிய பிறகு நாங்கள் ஒரு தண்ணீரைக்கூடத் தவறவிட மாட்டோம். அந்த நாளில் தண்ணீர் தவறினால் மொட்டு பருக்காது. பருக்காத மொட்டு விடியலில் பறித்தாலும் எடை நிற்காது. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போனால் வியாபாரி கையில் எடுத்துப் பார்த்ததுமே தெரிந்துகொள்வார். வேளச்சேரிக்காரர் மல்லியைக் காயப் போட்டது சித்திரையில், செடி நிறைய மொட்டு இருக்கும்போது. முடிந்தது முடிந்ததுதான், இனி நவம்பருக்கு முன் அதைக் காயப் போட நினைக்காதீர்கள்.

கனகாம்பரம் தண்ணீர் விட்டும் எழவில்லை என்றீர்களே, அதை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் அது வறட்சி இல்லை, நூற்புழு. கனகாம்பரத்துக்கு அது பெரிய எதிரி. முடிச்சு விழுந்த வேர் நீரை மேலே அனுப்பாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். முடிச்சு இருந்தால் அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வேளச்சேரி மாடி
மே 10, இரவு 8.15

இருவருக்கும் மிக்க நன்றி. செம்பருத்தியைப் பற்றி ஓர் ஐயம். காயவிட்ட எட்டு நாளும் மொட்டுகள் செடியில்தான் இருந்தன. ஒன்பதாம் நாள் மனம் கேளாமல் நிறையத் தண்ணீர் விட்டேன். அதற்கு மறுநாள்தான் அத்தனையும் கொட்டின. அப்படியானால் கொட்டியதற்குக் காரணம் தாகமா, தண்ணீரா?

இலைத்துளை
மே 11, காலை 6.40

தாகம்தான். மொட்டின் காம்பில் ஒரு மெல்லிய கணுவளையம் இருக்கும். உதிரவேண்டிய இடம் அதுவே. தாகத்தில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடும்போது, அந்த வளையத்தில் உள்ள செல்களுக்கிடையே பசையாக இருக்கும் பொருளைக் கரைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கரைந்து முடியச் சில நாள்கள் ஆகலாம்; அதற்குள் நீங்கள் தண்ணீர் விட்டாலும் தொடங்கிய வேலை திரும்பாது. மேலும் செல்கள் உயிரோடு, ஓரளவு நீரோடு இருந்தால்தான் உதிர்தல் நிறைவேறும் என்பதால், கடும் வறட்சியில் ஒட்டிக்கொண்டிருந்தவை தண்ணீர் கிடைத்ததும் கொட்டுவதைப் பல செடிகளில் பார்க்கலாம்.

ஆனால் எல்லா மொட்டு உதிர்வையும் வறட்சியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். கொட்டிய மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக வெளிர்நிறப் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்த ஈ மல்லிகையையும் விடாது. உள்ளே சுத்தமாக இருந்து, காம்பு மட்டும் மஞ்சளாக இருந்தால் தாகம் அல்லது வெப்பம் என்று கொள்ளலாம்.

கடியம் வண்டி
மே 11, பகல் 1.20

நான் பல ஆண்டுகளாக நர்சரி வேலையில் இருப்பவன். உங்கள் இட்லிப்பூவுக்கு நடந்தது எனக்குத் தினமும் வரும் புகார். சென்னையில் விற்கும் அலங்காரச் செடிகளில் பெரும்பகுதி ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. அது கோதாவரி வண்டல் பூமி. செடியின் வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் உருண்டை இருக்கும். அந்த உருண்டையைக் கலைக்காமல், தேங்காய் நார்த்தூள் கலந்த இலகுவான கலவையில் வைத்துவிடுகிறோம். கோடையில் ஒருமுறை முழுதாகக் காய்ந்ததும் அந்த உருண்டை செங்கல்போல் இறுகிவிடும். பிறகு நீங்கள் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாகவும் தொட்டிச் சுவரை ஒட்டிய இடைவெளி வழியாகவும் ஓடி அடித்துளையில் வெளியேறும். மேலே விரல் வைத்தால் ஈரம் இருக்கும். வேர் இருக்கும் உருண்டைக்குள் ஒரு சொட்டும் போயிருக்காது.

ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அப்படியே விளிம்பு வரை அமிழ்த்துங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். அது நிற்கும் வரை விட்டு, வெளியே எடுத்து நிழலில் வடியவிடுங்கள். வாளியில் மிஞ்சும் நீரை வேறு தொட்டிக்கு ஊற்றலாம், வீணாகாது. ஒரு மெல்லிய குச்சியால் உருண்டையில் நாலைந்து இடத்தில் குத்திவிட்டால் அடுத்த முறையும் நீர் இறங்கும். இதே வெயிலில் உருண்டையை உடைத்து வேரைக் கலைத்து மறுநடவு செய்ய மட்டும் முயல வேண்டாம். அதற்கு ஆடி கழியட்டும்.

பாலிஹவுசில், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரத்தில், வளர்ந்த செடியை வாங்கி அன்றே மொட்டை மாடி வெயிலில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் ரோஜாவின் இலை பெரிதாக, மெல்லியதாக இருக்கும். அது நிழல்வலைக்கும் ஈரக்காற்றுக்கும் பழகியது. பத்துப் பதினைந்து நாள் அரைநிழலில் வைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள். அப்படிப் பழகிய செடி அதே வறட்சியைத் தாங்கும். பழகாதது இரண்டே நாளில் கருகும்.

காகிதப்பூ நேசன்
மே 11, மாலை 4.05

இவ்வளவு பேர் இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா ஊரில் தரையில் வைத்த செம்பருத்தி, வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் பூத்துக்கொண்டுதான் இருந்தது. நம் முன்னோர் யாரும் இலைத்துளையை அளந்து தண்ணீர் விடவில்லை. கொன்றை மரம் சித்திரை வெயிலில், இலையே இல்லாமல் மஞ்சளாகப் பூத்துத் தொங்குகிறதே, அதற்கு யார் ஊற்றினார்கள்?

இலைத்துளை
மே 11, இரவு 9.30

நல்ல கேள்வி, நேசன். தரைக்கும் தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல மறந்தது என் பிழை.

மண்ணில் ஈரம் குறையக் குறைய, எஞ்சிய நீரை மண் துகள்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேர் அதிக விசையோடு இழுக்க வேண்டும். சுமார் 15 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவிசையை எட்டும்போது பெரும்பாலான செடிகள் மீளாத வாட்டத்துக்குப் போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தோட்டத்து மண்ணில் ஈரம் அந்த எல்லையை நோக்கி மெல்ல மெல்ல இறங்கும். செடி கீழே வேர் விடவும், செல்களுக்குள் உப்பும் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்த்து இழுக்கும் வலிமையைக் கூட்டிக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். தொட்டிக் கலவையிலோ, செடி எளிதாக எடுக்கக்கூடிய நீரின் பெரும்பகுதி 0.1 பார் இழுவிசைக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. காலையில் நலமாக இருந்த செடி மாலையில் கவிழ்ந்து கிடப்பது இதனால்தான். அதற்குத் தயாராக அவகாசமே இல்லை. உங்கள் அம்மாவின் செம்பருத்தி, உங்களுக்குத் தெரியாமல் கிணற்றடி ஈரத்தைத் தேடிப் போயிருக்கும். கொன்றையும் அப்படியே: ஆழத்தில் வேர் ஓடியிருக்கிறது, நீரைச் செலவழிக்கும் இலைகளையும் பூக்கும் நேரத்தில் உதிர்த்துவிட்டது. அது வறட்சியைத் தாங்குவதைவிட, வறட்சியை ஏமாற்றிப் பூக்கிறது என்று சொல்ல எனக்குப் பிடிக்கும்.

தாகத்தை உண்மையாகவே சைகையாக எடுத்துக்கொள்ளும் செடிகளும் உண்டு. ஏற்காட்டிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் காப்பிச் செடியின் மொட்டுகள் வறண்ட மாதங்களில் உறங்கி நிற்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் மலைச்சரிவு முழுதும் ஒரே நாளில் வெள்ளையாகிவிடும். மகாராஷ்டிரத்து மாதுளை விவசாயிகள் பாசனத்தை நிறுத்தி, இலையை உதிரவைத்து, பிறகு தண்ணீர் விட்டுத் தாங்கள் விரும்பிய பருவத்தில் பூக்கவைக்கிறார்கள். நம் வீட்டு ரெயின் லில்லியும் காய்ந்து கிடந்து, மழை பெய்த சில நாளில் தண்டை நீட்டும். இவை எல்லாவற்றிலும், உசிலம்பட்டி நண்பர் சொன்னதுபோல், வறட்சிக்குப் பின்னால் ஒரு மழை இருக்கிறது.

வடமராட்சி முற்றம்
மே 12, காலை 8.00

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தை மாதம் மழை ஓய்ந்தால் பிறகு ஐப்பசி வரைக்கும் பெரிதாக மழை இல்லை. பூக்கன்றுகள் எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான் நிற்கின்றன. இங்கே பேசப்படாத ஒரு விடயம் உப்பு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்டவை. கரையோரமாக இருந்தால் உவர்ப்பும் சேரும். அந்தத் தண்ணீரைப் பூஞ்சாடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வந்தால், தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு சாடியிலேயே தங்கிவிடும். சாடி பாதி காய்ந்தால் எஞ்சிய ஈரத்தில் உப்பின் செறிவு இரண்டு மடங்காகும். வேர் அந்த ஈரத்தை எடுக்க மாட்டாமல் தவிக்கும். ஈரம் இருந்தும் வறட்சிதான். செவ்வரத்தை (நீங்கள் சொல்லும் செம்பருத்தி) இலையின் ஓரம் பொசுங்குவதும், இட்லிப்பூவின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாவதும் இங்கே சாதாரணம். இரண்டாவது, சுண்ணாம்புத் தண்ணீரில் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போவதால் வருவது.

நாளும் அரைக்குவளை விடுவதை விட்டுவிட்டு, இடைவெளி விட்டு, அடித்துளையால் வழியும் அளவுக்கு ஒரே தடவையில் விடுவது நல்லது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால், மாதம் ஒரு தடவையாவது அதனால் சாடியைக் கழுவி விடலாம். காய்ந்திருக்கும் சாடிக்கு உரம் போட வேண்டாம்; உரமும் உப்புத்தான்.

வேளச்சேரி மாடி
மே 12, இரவு 10.10

ஐயா சொன்னதைப் படித்த பிறகு போய்ப் பார்த்தேன். என் மண்தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்புத்தான் என்பது இன்றுதான் உறைத்தது. இட்லிப்பூவை வாளியில் அமிழ்த்தினேன். பத்து நிமிடத்துக்கு மேல் குமிழி வந்தது. அவ்வளவு காற்று அதற்குள் இருந்திருக்கிறது! கனகாம்பரத்தின் வேரில் முடிச்சுகள் இருந்தன. செம்பருத்தி மொட்டில் புழு இல்லை.

இனி என்னிடம் இருப்பது நாளுக்கு இரண்டு வாளி, 40 தொட்டி. இதை எப்படிப் பங்கிடுவது?

கடியம் வண்டி
மே 13, காலை 6.15

தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். விரலைவிடக் கை எடை பொய் சொல்லாது. நன்றாக நனைந்து வடிந்த தொட்டி எவ்வளவு கனம், இலை தளரத் தொடங்கும்போது எவ்வளவு கனம் என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் வீட்டுத் தராசில் நிறுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் அந்தச் செடியின் கையிருப்பு. அதில் பாதி போனதும் தண்ணீர் விட வேண்டியவை செம்பருத்தி, ரோஜா, மல்லி. காகிதப்பூ, அரளி, அடீனியம் ஆகியவற்றுக்கு முக்கால்வாசி போகும் வரை பொறுக்கலாம். டேபிள் ரோஸ் தடித்த இலையிலேயே நீரை வைத்திருப்பதால் கடைசி வரிசைக்குப் போகும். அடீனியத்தின் பருத்த அடித்தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்போல் இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

தொட்டிகளைச் சிதறவிடாமல் நெருக்கி வைத்து, பெரியவற்றை மேற்குப் பக்கம் நிறுத்தினால், மாலை வெயில் சிறிய தொட்டிகளின் சுவரில் விழாது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குச் சாக்கு சுற்றுங்கள். மேல்மண்ணில் இரண்டு அங்குலம் தென்னைமட்டைத் துண்டோ காய்ந்த இலையோ பரப்புங்கள். 50 சதவீத நிழல்வலை போட்டால் ரோஜாவும் மல்லியும் பிழைக்கும், ஆனால் காகிதப்பூவை வலைக்கு வெளியே வையுங்கள்; நிழலில் அது வெறும் முள்ளும் இலையுமாக ஓடும். மதியம் வாடிய செடியைக் கண்டதும் ஓடிப்போய் ஊற்ற வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அதுவாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். மறுநாள் விடியலிலும் தொங்கினால்தான் வேருக்கு நீர் இல்லை என்று பொருள்.

இலைத்துளை
மே 13, காலை 7.45

விடியலிலும் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரழுகல், நூற்புழு, உப்பு ஆகிய மூன்றில் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் மேலும் ஊற்றுவது கொலை.

இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வறட்சியும் வெப்பமும் சேர்ந்த நாளில் செஞ்சிலந்தி பெருகும். ரோஜா இலை தூசி படிந்ததுபோல் வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரியும். அதைத் தாகம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். விடியலில் இலையடியில் படும்படி நீரைப் பீய்ச்சினால் பெருமளவு குறையும்; அதற்கு ஒரு செம்பு நீரை ஒதுக்கலாம்.

காகிதப்பூ நேசன்
மே 13, இரவு 7.30

அம்மாவின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். முள்ளும் பூவும் ஓரிடத்தில் பிறப்பதை இன்று மாலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கணுவில் முள்ளின் நுனியிலேயே சின்னஞ்சிறு பூமொட்டு ஒன்று இருந்தது. பன்னிரண்டு செடிகளை இத்தனை ஆண்டு வளர்த்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். வேளச்சேரி நண்பரே, கணுவில் நிறம் தெரிந்துவிட்டதென்றால் இனி காயப் போடாதீர்கள். மிதமாகத் தொடர்ந்து தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் வந்ததும் உதிரும். இது என் கை கண்டது.

வேளச்சேரி மாடி
ஜூன் 20, காலை 6.50

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். காகிதப்பூ மே கடைசியில் செடி தெரியாத அளவுக்குப் பூத்தது. செம்பருத்தியில் மூன்று மொட்டுகள் நிற்கின்றன, எண்ணி வைத்திருக்கிறேன். இட்லிப்பூ புதிதாக இலை விட்டிருக்கிறது, பூ இன்னும் இல்லை. கனகாம்பரத்தை மண்ணோடு அகற்றிவிட்டேன். சென்ற வாரம் இரண்டு மாலை நல்ல மழை. நான் செத்துவிட்டதாக நினைத்து மூலையில் ஒதுக்கிய ஒரு தொட்டியில், நாலாம் நாள் ஏழு ரெயின் லில்லிகள் எழுந்து நின்றன. அந்தத் தொட்டியை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவே இல்லை.

உசிலம்பட்டி ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். மல்லியை நவம்பரில் ஆறப்போட்டுக் கவாத்து செய்யச் சொன்னீர்கள். சென்னையில் நவம்பர் என்றால் அடைமழை. தொட்டி காயவே காயாதே?

உசிலம்பட்டிக் காடு
ஜூன் 20, இரவு 8.40

எங்கள் பக்கமும் மழை விடாத ஆண்டில் கவாத்தைத் தள்ளித்தான் போடுவோம். ஈரத்தில் நிற்கும் செடியை வெட்டினால் தளிர் சீராக வராது. உங்களுக்குத் தொட்டி என்பதால் எங்களைவிட வசதி. கார்த்திகை தீபம் முடிந்ததும் தொட்டியை மழை படாத சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி, தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அடி இலைகள் சில பழுத்து, புதுத்தளிர் நின்றதும், மார்கழி பிறக்கும்போது வெட்டுங்கள். வெட்டிய அன்றே கைப்பிடி மட்கிய எருவைப் போட்டு, அடித்துளையில் வழியும்படி ஊற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் காயவிடக் கூடாது.